சம்பூர்ணம் பேரில் ஒரு மனு

எழுந்திரிக்காதீங்க சார், அது நம்ம பஸ் இல்ல. போர்டைப் பாத்து ஏமாறாதீங்க. முன்னாடி கேளம்பாக்கம்னு போட்டிருப்பான், சைடுல வேற ஊரு போட்டிருப்பான், ஏறி கண்டக்டரைக் கேட்டா மூணாவதா ஒரு ஊரைச் சொல்லுவான். நான் ரெண்டு தடவை ஏறி பாதி வழியில நாவலூரோட எறங்கியிருக்கேன். உக்காருங்க. அந்த ஓரத்துல வேணாம், கம்பி நீட்டிக்கிட்டிருக்கு, போன மாசம் என் வேட்டியைக் கிழிச்சது அதுதான். இப்படித் தள்ளி வாங்க.

நீங்க எங்க போகணும், படூரா? நானும் அங்கதான். என் பொண்ணு வீடு அங்க. நான் குடியிருக்கறது திருமுல்லைவாயல். அம்பத்தூர் தாண்டி, ஆவடிக்கு முன்னாடி. ஆமா சார், அங்கிருந்துதான் இந்த சோழிங்கநல்லூர் வரைக்கும் வந்திருக்கேன். ஏன் அப்படிப் பாக்கறீங்க? நான் என்ன இமயமலையிலிருந்தா வந்தேன்? ரெண்டுமே சென்னைதான்னு சொல்றான். ஒரே ஊருன்னு மேப்புல கலர் அடிச்சு வச்சிருக்கான். அடிச்சவன் ஒரு நாள் வந்து பாக்கட்டும்.

எழுதி வச்சிருக்கேன், பாருங்க. இந்த நோட்டுல ஒரு வருஷத்துக்கு மேல எழுதறேன். இன்னைக்குத் தேதி. காலைல ஆறு நாப்பதுக்கு வீட்டைப் பூட்டினேன். மின்சார ரயில் ஆறு ஐம்பத்தெட்டு, வந்தது ஏழு ஒம்போது. சென்ட்ரல் ஏழு ஐம்பத்தொண்ணு. அங்க சுரங்கப்பாதையில எறங்கி, ஏறி, ரோட்டுக்கு அந்தாண்ட போய் பறக்கும் ரயில் பிடிக்கணும். பறக்கும் ரயில்னு பேரு வச்சவன் என் கையில கெடச்சான்னா நாலு வார்த்தை கேப்பேன். எட்டு இருபத்திரெண்டுக்கு ஏறி எட்டு ஐம்பத்தஞ்சுக்கு வேளச்சேரி. எறங்கினா பக்கத்துலயே பஸ் ஸ்டாண்டு இருக்கும்னுதானே யாரும் நெனைப்பாங்க? இருக்காது. கால் மணி நேரம் நடக்கணும், வெயில்ல, நடைபாதையில நிக்கற பைக்குங்களைச் சுத்திக்கிட்டு. ரயிலைக் கட்டினவன் பஸ் விடறவன்கிட்ட பேச மாட்டான், பஸ் விடறவன் ரோடு தோண்டறவன்கிட்ட பேச மாட்டான். ஒரே வீட்டுல மூணு பேரு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுச் சாப்பிடற மாதிரிதான் நடத்தறானுங்க.

ஒம்போது முப்பத்தஞ்சுக்கு பஸ். இங்க எறங்கினது பத்து பன்னெண்டு. இனிமே இங்கிருந்து ஒரு பஸ்ஸு, படூர்ல எறங்கி உள்ள ரெண்டு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ. அவன் ஆறு பேரு சேராம நகர மாட்டான். ரெண்டு ரயிலு, ரெண்டு பஸ்ஸு, ஒரு ஆட்டோ. அஞ்சு வண்டி சார். இந்த நேரத்துக்கு நான் விழுப்புரம் போய் ஒரு டீயைக் குடிச்சிட்டுப் பாதி தூரம் திரும்பி வந்திருப்பேன்.

மணி என்ன ஆச்சு? பத்து முப்பத்தொண்ணா? உங்க கடிகாரம் ஒரு நிமிஷம் முன்னாடி போகுது. திருத்தி வச்சிக்கங்க.

அது என் தொழில் சார், அதனால சொல்றேன். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனி, முப்பத்தோரு வருஷம் டைம் ஆபீஸ். டைம் ஆபீஸ்னா கேட்டுக்குப் பக்கத்துல ஒரு ரூம். எவன் எத்தனை மணிக்கு உள்ள வந்தான், எவன் எத்தனை மணிக்கு வெளிய போனான், அவ்வளவும் என் கையில. ஏழு மணி ஷிஃப்டுக்கு ஏழு அஞ்சு வரைக்கும் விடுவேன். ஏழு ஆறுன்னா கேட்டு சாத்தியாச்சு. எவனா இருந்தாலும் சரி. வெளிய நின்னுக்கிட்டு ‘சார், பஸ் வரலை சார்’னு கெஞ்சுவானுங்க. தினம் பத்து பேராவது அதைச் சொல்லுவான். நான் ஒண்ணே ஒண்ணுதான் பதில் சொல்லுவேன். ‘பஸ் வரலைன்னா முந்தின பஸ்ஸுக்கு வந்திருக்கணும். வீட்டுக்குப் போ.’ எனக்கு ‘கேட்டு ஏகாம்பரம்’னு பட்டப்பேரு வச்சானுங்க. வச்சிட்டுப் போகட்டும். ரிட்டையர் ஆகற அன்னைக்கு மாலை போடக்கூட நாலு பேருதான் வந்தான். மத்தவனெல்லாம் என்கிட்ட லேட்டா வந்து மாட்டினவனுங்க, அதான்.

சிரிக்காதீங்க. உங்க மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும். ‘இப்ப இவனே பஸ்ஸைத் திட்டறானே’ன்னு. அது வேற, இது வேற. அவனுங்களுக்கு ஒரு பஸ்ஸு. எனக்கு அஞ்சு வண்டி. அவன் சோம்பேறி, நான் நேரத்துக்குக் கிளம்பினவன். ரெண்டையும் ஒண்ணா போடாதீங்க.

என் சம்சாரம் அங்க இருக்கா. சம்பூர்ணம். அதுக்குத்தான் இந்த அலைச்சல்.

பொண்ணு பேரு சுபாஷிணி. ஒரே பொண்ணு. மாப்பிள்ளை ரகுநந்தன், இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனி. கல்யாணமானதும் வேலைக்குப் பக்கம்னு படூர்ல ஃப்ளாட் வாங்கிட்டாங்க. வாங்கறப்பவே சொன்னேன், ஆவடியில இதைவிடப் பெருசா கெடைக்கும்னு. ‘இல்லப்பா, எங்களுக்கு இங்கதான் சௌகரியம்’னா. சரி, தொலையட்டும். தலைப்பிரசவம் வந்தது. நீங்களே சொல்லுங்க சார், தலைப்பிரசவத்துக்குப் பொண்ணு அம்மா வீட்டுக்கு வர்றதா, அம்மா பொண்ணு வீட்டுக்குப் போறதா? உங்க வீட்டுல எப்படி? அதானே. இந்தப் பொண்ணு வர மாட்டேன்னுட்டா. டாக்டர் இங்க இருக்காங்க, ஆஸ்பத்திரி இங்க இருக்குன்னா. ஏன், எங்க பக்கம் பொம்பளைங்க மரத்தடியிலயா பெத்துக்கறாங்க? சம்பூர்ணம் ஒரு சூட்கேஸை எடுத்துக்கிட்டு, ‘மூணு மாசம்ங்க, புள்ளைக்குத் தலை நின்னதும் வந்துடறேன்’னு போனா.

இப்ப அந்தக் கொழந்தைக்கு ஒரு வயசும் நாலு மாசமும். தலை நின்னு, தவழ்ந்து, நடந்து, ஓடுது. இவ வரலை.

ஏன் வரலைன்னு கேக்கறீங்க. நானும் கேட்டேன் சார். போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை நேராவே கேட்டேன். சமையல்கட்டுல நின்னுக்கிட்டிருந்தா. திரும்பாமலே சொன்னா, ‘அவ்வளவு தூரம், அத்தனை வண்டி மாறி நான் எப்படிங்க வர்றது, முட்டி வேற வலிக்குது’ன்னு. அவ வாயால சொன்னா. அன்னைக்கே எனக்கு விஷயம் புரிஞ்சு போச்சு. கோளாறு பஸ்ஸுல இருக்கு. வர்ற வழியெல்லாம் படி எண்ணிக்கிட்டே வந்தேன். ஸ்டேஷனுங்க, சுரங்கப்பாதை, பாலம், எல்லாம் சேத்து இருநூத்திப் பதினாலு படி. முட்டி வலிக்காரி எப்படி சார் ஏறுவா?

காரா? இருக்கு, மாப்பிள்ளைகிட்ட கார் இருக்கு. அவரும் தங்கமான மனுஷன்தான், வாயைத் திறந்தா மாமா மாமாம்பாரு. ‘அத்தை எப்பச் சொன்னாலும் கொண்டாந்து விட்டுடறேன் மாமா’ங்கறாரு. அவ சொல்லணுமாம். அது என்ன பேச்சு? நான் சொன்னா பத்தாதா? சரி, கால் டாக்ஸி போடறேன்னேன். மூடின கார்ல ஏசி போட்டா குமட்டுதாம். ஜன்னலைத் திறந்து வச்சிக்கோன்னேன். தூசி ஒத்துக்காதாம். போன மாசம் மாப்பிள்ளை கார்ல எல்லாரும் திருவண்ணாமலை போய்ட்டு வந்தாங்க, போட்டோ அனுப்பினாங்க. முன் சீட்டுல உக்காந்துக்கிட்டுச் சிரிக்கறா. கூலிங் கிளாஸ் வேற, பேரப்புள்ளை மாட்டி விட்டதாம். அன்னைக்குக் குமட்டலை போல. சாமி காரியம்னா உடம்பு கேக்கும்.

என்ன சார் ‘ம்’ங்கறீங்க? ‘ம்’னா என்ன அர்த்தம்?

கொடுமைக்காரன் போலன்னு நெனைச்சிடாதீங்க. ஒரு நாள் கை நீட்டினது கிடையாது. குடி கிடையாது, சீட்டு கிடையாது, சினிமா கூட கிடையாது. சம்பளக் கவரைப் பிரிக்காம அப்படியே சாமி படத்துக்கிட்ட வைப்பேன். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, நேரம். காபி அஞ்சு நாப்பது. டிபன் ஆறே கால். ராத்திரி எட்டுக்கு இலையில சோறு. எட்டு அஞ்சு ஆச்சுன்னா சாப்பிட மாட்டேன், எழுந்து போயிடுவேன். சத்தம் போட மாட்டேன், திட்ட மாட்டேன். பேசாம எழுந்துடுவேன், அவ்வளவுதான். அவளும் சாப்பிடாமக் கெடப்பா. அது அவ இஷ்டம். கம்பெனிக்கு மட்டும்தான் டைம் ஆபீஸ் வேணுமா, வீட்டுக்கு வேணாமா?

ஒரு தடவைதான் கொஞ்சம் கண்டிப்பா இருந்தேன். அதுவும் பதினாறு வருஷம் ஆச்சு. பெரம்பூர்ல அவ அக்கா மருமகளுக்கு வளைகாப்பு. நாலு மணிக்கு வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனா. நான் கேக்கலை சார், அவளாச் சொன்னா நாலு மணின்னு. வந்தது அஞ்சே முக்கால். கதவைத் தட்டறா. ஏன்டி லேட்டுன்னு உள்ளயிருந்து கேட்டேன். பஸ் வரலைங்க, ஒண்ணரை மணி நேரம் நின்னேன்ங்கறா. என்கிட்டயே. வருஷக் கணக்கா கேட்ட பாட்டு அது. ‘முந்தின பஸ்ஸுக்குக் கிளம்பியிருக்கணும்’னு சொல்லிட்டுத் தாப்பாளை எடுக்கலை. ஆறரை வரைக்கும். நாப்பத்தஞ்சு நிமிஷம், அதுக்கு மேல ஒரு நிமிஷம் இல்ல. மாடிப்படியில உக்காந்திருந்தா, பட்டுப்புடவையோட, வளைகாப்புல குடுத்த கலந்த சாதப் பொட்டலத்தை மடியில வச்சிக்கிட்டு. மேல் வீட்டுக்காரங்க எல்லாம் அவளைத் தாண்டித்தான் ஏறிப் போகணும். எதிர் வீட்டுக்காரி தண்ணி குடுத்தாளாம். சுபாஷிணி பத்தாங்கிளாஸ் அப்ப. உள்ள என் காலைப் பிடிச்சிக்கிட்டு அழுவுது, திறங்கப்பா திறங்கப்பான்னு. பரீட்சைக்குப் படிக்கற புள்ளைக்கு இதுல என்ன வேலை?

பலன் இருந்தது சார். அதுக்கப்புறம் அவ ஒரு நாள் கூட லேட்டா வந்தது கிடையாது. வெளிய போனாத்தானே லேட்டா வர்றதுக்கு. போறதையே விட்டுட்டா. அக்கா வீட்டுக் கல்யாணத்துக்குக் கூட நான் கூட்டிட்டுப் போனாத்தான் வருவா.

எங்க விட்டேன்? பஸ்ஸு. கோளாறு பஸ்ஸுலன்னு தெரிஞ்சு போச்சா, சும்மா இருப்பேனா? போக்குவரத்து ஆபீசுக்கு மனு எழுதினேன். திருமுல்லைவாயல்ல ஏறினா படூர் வழியா கேளம்பாக்கம் போகணும், நடுவுல மாறக் கூடாது. ஒரே ஒரு நேர் பஸ்ஸு, காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. அதிகமா கேட்டுட்டேனா? எந்த ரோடு, எந்தெந்த ஸ்டாப்பு, எத்தனை நிமிஷம், அவ்வளவும் அட்டவணை போட்டுக் குடுத்தேன். அவனுங்க போடற அட்டவணையை விட ஒழுங்கா இருந்தது. நாலு மாசம் கழிச்சு ஒரு வரி பதில் வந்தது. ‘போதிய பயணிகள் இல்லை.’ பஸ்ஸே விடாம பயணி எங்கிருந்துடா வருவான்? மறுபடி எழுதினேன். மறுபடி அதே வரி, தேதி மட்டும் மாத்தி.

அப்புறம்தான் அந்த ஆபீஸ் வாசல்ல மனு எழுதற ஆளைப் பாத்தேன், துரைக்கண்ணுன்னு பேரு. மரத்தடியில மேசை போட்டு உக்காந்திருப்பான். அவன் என் பேப்பரைப் படிச்சுட்டு, ‘ஐயா, ஆம்பளை பேர்ல குடுத்தா இப்படித்தான் தூங்கும். வீட்டம்மா பேர்ல குடுங்க. மூத்த குடிமகள், மூட்டு வலி, குடும்பத்தைப் பிரிஞ்சு தவிக்கறேன்னு போடுவோம். ஃபைல் தானா நகரும்’னான். எனக்கும் சரின்னு பட்டது. பொய்யா எழுதறோம்? உள்ளதுதானே. அருமையா எழுதினான் சார். ‘என் கணவரையும் என் வீட்டையும் காண முடியாமல் நாள்தோறும் கண்ணீர் விடுகிறேன்’னு ஒரு வரி. அதை மட்டும் ரெண்டாந்தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

அவகிட்டயா? அவகிட்ட என்னத்தைக் கேக்கறது? அவ கையெழுத்தை நான்தான் போட்டேன். பேங்குல, சொசைட்டியில, எல்லாத்துலயும் முப்பத்தாறு வருஷமா நான்தானே போடறேன். அவளை விட எனக்கு நல்லா வரும். கீழ போன் நம்பர்ன்னு ஒரு கட்டம். மனுதாரர் நம்பர்தான் போடணும், ஏற்கெனவே வேற மனுல இருக்கற நம்பரை கம்ப்யூட்டர் எடுக்காதுன்னான் துரைக்கண்ணு. என் நம்பர் பழைய மனுவுல மாட்டிக்கிட்டிருந்தது. அவ நம்பரைக் குடுத்தேன். அது ஒண்ணுதான் நான் பண்ண தப்பு.

இதோ பதில். மடிப்புல கிழிஞ்சிருக்கு, பாத்துப் பிடிங்க. இல்ல, நானே படிக்கறேன். ‘பொருள்: திருமுல்லைவாயல் முதல் கேளம்பாக்கம் வரை நேரடிப் பேருந்து இயக்கக் கோருதல் தொடர்பாக. மேற்காண் மனு குறித்து மனுதாரர் திருமதி ஏ. சம்பூர்ணம் அவர்களைத் தொலைபேசி வாயிலாகத் தொடர்பு கொண்டு விசாரித்ததில், மேற்படி பேருந்து தமக்குத் தேவையில்லை எனத் தெரிவித்தார்.’ கேட்டீங்களா? தேவையில்லையாம். எவ்வளவு துணிச்சல் பாருங்க. ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு, போனும் பண்ணாம கீனும் பண்ணாம, மனுவை மூடறதுக்கு ஒரு பொய்யை எழுதி, கீழ சீல் குத்தி அனுப்பியிருக்கான். ஒரு பொம்பளை, வீட்டை விட்டுப் பிரிஞ்சிருக்கறவ, பஸ் வேணாம்னு சொல்லுவாளா? உலகத்துல எவளாவது சொல்லுவாளா?

அதோட முடிஞ்சுது சார். அப்புறம் எவனோ கையெழுத்து. கீழ ஒண்ணும் இல்ல. என் விரலை எடுக்கணுமா, எதுக்கு? குடுங்க, ஏன் இழுக்கறீங்க, கிழியப் போகுது.

சரி, படிங்க. படிக்கணும்னு பொறந்திருக்கீங்க, படிங்க. சத்தமா படிக்காதீங்க, பக்கத்துல ஆளுங்க நிக்கறாங்க. ‘தாம் தற்போது வசிக்கும் இடத்திலேயே தொடர்ந்து வசிக்க விரும்புவதாகவும், தம் பேரில் இனி மனு ஏதும் ஏற்க வேண்டாம் எனவும் கேட்டுக் கொண்டார். எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது.’

படிச்சாச்சா? திருப்தியா? குடுங்க.

அதுவும் பொய்தான். ஒரு பொய் எழுதினவனுக்கு ரெண்டு பொய் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அவளுக்கு இப்படியெல்லாம் பேச வராது சார். உங்களுக்கு அவளைத் தெரியாது. காய்க்காரன்கிட்ட பேரம் பேச வராது. என்ன புடவை வேணும்னு கடையில கேட்டா, அவரு சொல்றதைக் குடுங்கம்பா. அவளா ஒரு ஆபீசர்கிட்ட ‘விரும்புகிறேன்’னு சொல்லுவா? விரும்பறது கிரும்பறதெல்லாம் அவ வாயில வந்து நான் கேட்டதே இல்ல.

அதுக்குத்தான் போறேன். பையில புது மனு வச்சிருக்கேன். துரைக்கண்ணுகிட்ட சொல்லி எழுதினது. ‘மேற்படி அலுவலகத்திலிருந்து என்னை யாரும் அழைக்கவில்லை, நான் அவ்வாறு கூறவும் இல்லை’ன்னு. ரெண்டே வரி. இந்தத் தடவை நான் கையெழுத்துப் போட மாட்டேன், சாட்சிக் கேசு இது, அவ கையாலயே போடணும். பேனாவும் கொண்டாந்திருக்கேன். அவ ஒரு கையெழுத்துப் போட்டுட்டா போதும், அந்த ஆபீசையே உண்டு இல்லைன்னு ஆக்கிடுவேன். பஸ்ஸும் வரும். அவளும் வந்துதான் ஆகணும்.

போன்லயா? கேக்கலை. பதில் வந்து பதினொரு நாள் ஆச்சு, கேக்கலை. தினம் பேசறோம், சாயந்திரம் ஏழு மணிக்கு, ரெண்டு நிமிஷம். சாப்பிட்டியாம்பேன், ஆச்சும்பா. நீங்கம்பா. ஆச்சும்பேன். மாத்திரைம்பா. போட்டேன்ம்பேன். பின்னாடி கொழந்தை சிரிக்கும். வெச்சிடறேங்கம்பா. இதுக்கு நடுவுல எங்க சார் கேக்கறது? மனு கொடுத்த அன்னைக்கு அவ போனுக்கு மெசேஜ் போயிருக்கும், உங்க மனு பதிவு ஆச்சுன்னு. என் பேர்ல ஏன் குடுத்தீங்கன்னு ஒரு வார்த்தை அவளும் கேக்கலை. அவ கேக்காதப்ப நான் எதுக்குக் கேக்கணும்?

போன ஞாயித்துக்கிழமையும் கிளம்பினேன். இதே பேப்பரு, இதே பை. இதே இடத்துல வந்து உக்காந்தேன். மூணு பஸ் போச்சு. ஒண்ணு கூட்டம். ஒண்ணு, அந்தக் கண்டக்டர் மூஞ்சி எனக்குப் பிடிக்கலை. இன்னொண்ணு ஏன் ஏறலைன்னு ஞாபகம் இல்ல. பதினொண்ணே காலுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்னு திரும்பிப் போயிட்டேன். ஏழு மணிக்குப் போன் பண்ணி ‘பஸ் வரலை’ன்னு சொன்னேன். ‘பரவாயில்லைங்க’ன்னா. வேற என்ன சொல்லுவா? ‘முந்தின பஸ்ஸுக்குக் கிளம்பியிருக்கலாமே’ன்னா கேட்டா? கேக்க மாட்டா. அவ அப்படிப்பட்டவ இல்ல.

அதோ. அந்தப் பச்சை லாரிக்குப் பின்னாடி பாருங்க. நம்ம பஸ்ஸுதான், அதேதான். முன்னாடி போர்டு, சைடு போர்டு, ரெண்டுலயும் ஒரே ஊரு. இன்னைக்குன்னு பாத்துச் சரியா வர்றான். எழுந்திருங்க, பையை எடுங்க. கையைக் காட்டுங்க சார், காட்டலைன்னா நிக்க மாட்டான்.

நின்னுட்டான். காலியா இருக்கு. ஜன்னலோரமே நாலு சீட்டு இருக்கு. புதுசா விட்ட தாழ்வான பஸ்ஸு வேற, படியே கிடையாது பாருங்க, முட்டி வலிக்காரங்க கூட அப்படியே நடந்து ஏறிடலாம். பொம்பளைங்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. ஒண்ணும் குறை சொல்றதுக்கு இல்ல.

நீங்க ஏறுங்க. நான் அடுத்ததுல வர்றேன்.

இல்ல சார், நீங்க ஏறுங்க. கையை விடுங்க. விடுங்கன்னா விடணும். எவ்வளவு நேரமாப் பாக்கறேன், உங்களுக்கு ஏன் இந்த அக்கறை? என்னைத் தெரியுமா உங்களுக்கு? போனா நான் பேப்பரை நீட்டணும். நீட்டினா அவ படிப்பா. மெதுவாப் படிப்பா, எழுத்துக் கூட்டி. படிச்சிட்டு என்னை நிமிந்து பாப்பா. போடறேன்னு பேனாவை வாங்கினா சரி. வாங்கலைன்னா? முப்பத்தாறு வருஷத்துல அவ தனக்குன்னு வாயைத் திறந்து ஒண்ணு சொல்லியிருக்கா, அதையும் முன்பின் தெரியாத ஒரு ஆபீஸ்காரன்கிட்ட சொல்லியிருக்கா. அதை என் மூஞ்சியைப் பாத்து இன்னொரு தடவை சொல்லிட்டான்னா நான் எந்த வண்டியில ஏறி வீட்டுக்குப் போறது? பயமா இருக்கு சார். போதுமா? கேட்டுட்டீங்க இல்ல, ஏறுங்க.

என்னய்யா கண்டக்டர், வேடிக்கை பாக்கறே? இந்த ஆளு ஒருத்தருதான். நான் வரலை. எடு வண்டியை, நேரம் ஆகுது உனக்கு. போலாம், ரைட்.